பதினான்காம் கேமரா

மிர்பாத் தாண்டிப் பாதை ஏறத் தொடங்கும் இடத்தில்
பலகை நிற்கிறது: காப்பகம். அனுமதியின்றி நுழையாதீர்.
அதில் குண்டு துளைத்த ஓட்டைகள் இரண்டு.
கண் வைத்துப் பார்த்தால்
ஒன்றில் மலை, ஒன்றில் கடல்.

எனக்கு வேலை பேட்டரி மாற்றுவது.
மீன் கிடங்கில் ஜெனரேட்டர் பார்க்கிறவனை
மாதம் இரண்டு நாள் கடன் வாங்குகிறார்கள்.
பதினெட்டுப் பாறையில் பதினெட்டுக் கேமரா,
முதுகில் பன்னிரண்டு கிலோ.

என் பெயர் எழிற்கோ.
அலுவலகத்தில் அது எசில், இஸில், சில நாள் ஈசல்.
முசல்லம் மட்டும் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவான்.
இந்த மலைக்காரர்கள் வீட்டில் பேசும் பேச்சு அரபி இல்லை;
அதில் நாக்கின் ஓரத்தில் காற்று கசியும் ஓர் ஒலி உண்டு.
அது ழ அல்ல.
ழவுக்குப் பக்கத்து வீடு.

ஆடி மாதம்.
வளைகுடா முழுக்க வெந்து கிடக்க
இங்கே மட்டும் கடல்
தன் மூச்சை மலைமேல் விட்டுவிட்டு மறந்துபோகிறது.
மழை என்று சொல்ல முடியாது.
மரங்கள் மூடுபனியைச் சீவிச் சீவி
சொட்டுச் சொட்டாய்த் தம் வேருக்கு இறக்குகின்றன.

பள்ளியில் ஐந்திணை ஒப்பித்தவன் நான்.
குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் நடுவே
ஒரு நாள் நடையாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இங்கே குறிஞ்சி கால் தடுக்கி
நேராக நெய்தலில் விழுகிறது.
மருதம் இல்லை,
அதனால் ஊடலும் இல்லை என்று
முசல்லமிடம் சொல்ல முயன்று
அரபி போதாமல் விட்டேன்.

பதினான்காம் கேமரா குகை வாயிலில்.
வௌவால் எச்சத்தின் நெடி, ஆட்டுப் புழுக்கை,
எப்போதோ யாரோ மூட்டிய தீயின் கரி.
அட்டையைக் கழற்றி மடிக்கணினியில் செருகினான்.
இருநூற்று ஆறு படங்கள்.
முள்ளம்பன்றி. முள்ளம்பன்றி. வழி தப்பிய ஒட்டகம்.
வளைந்த கொம்பு ஒன்று:
வரையாடு என்றேன், வஅல் என்றான்,
இருவரும் தலையசைத்துக்கொண்டோம்.
அப்புறம் போன மாதத்து நான்,
குனிந்து, திருகாணியைப் பல்லில் கடித்தபடி.

அடுத்த படம் நாற்பது நிமிடம் கழித்து.
நான் உட்கார்ந்திருந்த அதே கல்லில்
மூக்கை வைத்து
அது.

புள்ளிகளைப் பற்றி எழுதமாட்டேன்.
விலா எலும்பு எண்ண முடிந்தது.
காம்புகள் தொங்கின.

முசல்லத்தின் தம்பி சுஹைலுக்கு
நோன்பு மாதத்தில் பதினோரு ஆடு போயிற்று.
கழுத்து கிழிந்ததையெல்லாம் பிக்கப்பில் அடுக்கிவந்து
காப்பக அலுவலக வாசலில் நிறுத்தினான்.
நட்டஈட்டுப் படிவம் மஸ்கட்டில் இருக்கிறது.
விஷம் கடையில் இருக்கிறது.

முசல்லம் திரையை மூடவில்லை.
கடன் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேயிருந்தான்.
பின் அட்டையைப் பிடுங்கிச்
சட்டைப்பையில் போட்டான்.
நான் புது அட்டை செருகினேன்.
திருகாணி இரண்டு முறை கைநழுவியது.

இறங்கும்போது கடல்
முதலில் நாற்றமாக வந்தது, காயப்போட்ட மத்தி.
பிறகு சத்தமாக.
கடைசிவரை கண்ணுக்கு வரவில்லை.
வளைவில் அவன் போன் அடித்தது.
மறுமுனைப் பேச்சில் எனக்குப் பிடிபட்டவை மூன்று சொல்:
குகை. ஏதாவது. பார்த்தாயா.

முசல்லம் வைப்பரைப் போட்டான்.
நிறுத்தினான்.
மறுபடி போட்டான்.
மூடுபனி, என்றான்.
அதில் பொய்யில்லை.

அலுவலகத்தில் படிவம் என் கைக்கு வந்தது.
குறிப்பு என்ற கட்டத்தில்
பதினான்கு: பேட்டரி மாற்றப்பட்டது
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அட்டை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

இரவு படுத்தபின்
ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது:
அந்தச் சட்டையை
இன்றைக்கே துவைக்கப் போட்டுவிடுவானோ.